வெள்ளை சாக்பீஸ்

"கலர் சாக்பீஸைத் தொட மாட்டேன்னா தொட மாட்டேன், சார்!"

ஹெட்மாஸ்டர் முகத்துக்கு நேரா இப்படிப் பேசினா யாருக்குத்தான் கோபம் வராது? ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு வாய்க்கொழுப்புன்னா அப்படி ஒரு வாய்க்கொழுப்பு.

மேஜை மேல புத்தம் புது டப்பா. பெற்றோர் சங்கத் தலைவர் வாங்கிக் குடுத்தது. ரெண்டு மாசமா ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கலை. மனுஷனுக்குப் பத்திக்கிட்டு வராதா? நேர்லயே வந்துட்டார்.

"என் பொண்ணு நோட்டைப் பாருங்க சார். பல்லுறுப்புக் கோவையைக் கூட்டச் சொன்னா, எக்ஸ் ஸ்கொயருக்கு வட்டமாம், எக்ஸுக்குக் கட்டமாம்! பக்கத்து செக்ஷன்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் போட்டு அழகா நடத்துறாங்க."

பக்கத்து செக்ஷன் டீச்சர் நான்தான். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வட்டத்தை வட்டத்தோட கூட்டணும், கட்டத்தைக் கட்டத்தோட கூட்டணும். பிள்ளைங்களுக்குப் புரியுதே, சார்."

"கலர்ல இன்னும் நல்லாப் புரியும்மா," என்றார் ஹெட்மாஸ்டர்.

"முப்பத்தொன்பது பேருக்குப் புரியும். என் வகுப்புல நாற்பது பேர்."

"யாரு அந்த ஒண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

"அப்போ நாளையிலேருந்து வகுப்பை இவங்க எடுத்துக்குவாங்க," என்று என்னைக் காட்டினார். "நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க."

பதினோரு வருஷமா கணக்கு நடத்துறவ. கண் கலங்கிடுச்சு. வாய் மட்டும் இறங்கலை.

"வேலையே போனாலும் சொல்ல மாட்டேன் சார். இவங்க வந்தாலும் வெள்ளையிலதான் எழுதணும்."

என்ன திமிர்! எனக்கே பாடம் எடுக்கிறா!

"வாங்க, எப்படி நடத்தணும்னு நானே காட்டுறேன்." தலைவர் டப்பாவைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வகுப்புக்குக் கிளம்பிட்டார். நாங்க மூணு பேரும் பின்னாலேயே ஓடினோம்.

போர்டுல கணக்கு அப்படியே இருந்தது. மேல் வரியில 3x² + 5x. கீழ் வரியில 2x² + 4x.

"எக்ஸ் ஸ்கொயருக்கு ரோஸ், எக்ஸுக்குப் பச்சை!" மேல் வரியில ரெண்டு கோடு இழுத்தார். சாக்பீஸை மேஜையில வெச்சுட்டு, சட்டையில ஒட்டின தூளைத் தட்டினார். மறுபடி எடுத்துக் கீழ் வரியிலயும் ரெண்டு கோடு.

2x²-க்குப் பச்சை. 4x-க்கு ரோஸ்.

"அவ்வளவுதான்! இனி ஒரே கலரை ஒண்ணாக் கூட்டுங்க."

பின் பெஞ்சு வாலு ஒருத்தி எழுந்தா. "அப்போ மூணு எக்ஸ் ஸ்கொயரும் நாலு எக்ஸும் சேர்ந்து ஏழா, சார்?"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சது. ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கலை. தலைவரோட பொண்ணு.

விருட்டுன்னு எழுந்து நின்னா. "எதுக்குடி எங்க அப்பாவைப் பாத்துச் சிரிக்கிறீங்க? இதுல ரோஸ் எது, பச்சை எது? நாலு கோடும் ஒரே கலர்தானே!"

சிரிப்பு நின்னுடுச்சு.

எட்டுக் கலர்ல எழுதிக் கைதட்டு வாங்கினவ நான். என் வகுப்புல எத்தனை பிள்ளைங்க இப்படி முழிச்சிருக்கோ, ஒரு நாளாவது கேட்டேனா?

கணக்கு டீச்சர் பாய்ஞ்சு போய் வெறுங்கையாலேயே போர்டை அழிச்சா. "என்ன வேடிக்கை? நீங்க கவனிக்கிறீங்களான்னு பாக்க சார் வேணும்னே மாத்திப் போட்டார். நோட்டை எடுங்க! நீ உக்காரு கண்ணு."

தலைவர் கையில இருந்த ரெண்டு சாக்பீஸையும் மாத்தி மாத்திப் பார்த்தார். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பார்த்தார். அப்புறம் ரெண்டையும் டப்பாவுல போட்டு மூடினார்.

"சார்," என்று ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். குரல் உள்ளே போயிருந்தது. "அந்த ஒண்ணு யாருன்னு கேட்டீங்களே... ஒண்ணு இல்ல சார், ரெண்டு."