பெரிய சைஸ், ஒரே நிறம்

"அண்ணி, நன்றி சொல்ல வந்திருக்கோம். பரீட்சை எழுத வந்த மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க" என்றாள் நாத்தனார்.

மூன்றாம் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவின் முன் இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணி, விலை உயர்ந்த கம்பளி ஸ்வெட்டர் நிறுவனத்தின் முதலாளி. நாத்தனார் அங்கே பின்னல் கூடத்தைக் கவனித்துக்கொள்பவள். எல்லை தாண்டி ஆறு மணி நேரம் ரயிலில் வந்திருந்தார்கள்.

இரண்டு வருடமாகக் குளிர்காலம் பேருக்குத்தான் வந்துபோனது. அண்ணியின் ஸ்வெட்டரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்ற பெரிய கடைகள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. போதாக்குறைக்கு, ஏதோ ஒரு தொழிற்சாலை அவள் டிசைனை அப்படியே காப்பியடித்துப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறக்கிவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினெட்டுப் பின்னல்காரர்களையும் வீட்டுக்கு அனுப்ப நாள்கூடக் குறித்தாயிற்று.

அந்த வாரம்தான் இந்த நாட்டு வியாபாரி ஒருவரின் முதல் ஆர்டர் வந்தது. அதன்பிறகு மாதம் தவறவில்லை. அடக்க விலைக்குத்தான் கேட்டார், ஆனால் கூடம் மூடவில்லை. அவளைப் பொறுத்தவரை அவர் தெய்வம்தான்.

இந்த நாட்டில் வெளிநாட்டு நூலுக்கு வரியை ஏற்றியதில் நூல் நாலு மடங்கு விலையாம். உள்ளூர்ப் பின்னல்காரர்கள் கடையை மூடிவிட்டார்களாம். தயாராக வரும் ஸ்வெட்டருக்கு வரி இல்லை, அதனால்தான் நம் சரக்கு போகிறது என்று வழியெல்லாம் கணக்குச் சொன்னாள் நாத்தனார்.

அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. வரியாவது மண்ணாங்கட்டியாவது, அவருக்கு ரசனை இருக்கிறது என்றாள். ஒவ்வொரு ஆர்டரிலும் அவர் எழுதுவது ஒன்றுதான்: பெரிய சைஸ், ஒரே நிறம், பூ வேலை வேண்டாம், பட்டன் வேண்டாம். வெறும் பின்னலின் அழகு புரிந்தவரைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்பார்கள்? இருபது வருடமாக அவள் எதிர்பார்த்திருந்த ஆள் இவர்.

கதவு திறந்தது. அந்த வியாபாரி, ஒரு தாடிக்காரர், வாய் நிறைய வரவேற்று உட்காரவைத்தார். தேநீர் வந்தது. சுவரில் ஒரு ஸ்வெட்டர்கூடத் தொங்கவில்லையே என்று நாத்தனார் கேட்டதற்கு, வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது என்றார். அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது.

"பதினெட்டு குடும்பம் உங்களாலதான் சாப்பிடுது. நேர்ல பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னு வந்தேன். அடுத்த மாசமும் ஆர்டர் உண்டுன்னு சொன்னீங்கன்னா நிம்மதியா ஊருக்குப் போவேன்" என்றாள்.

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "நன்றி நான்தாம்மா சொல்லணும். வரி ஏறினதும் நானும் கடையைப் பூட்ட இருந்தவன். இப்ப உள்ளே பன்னிரண்டு பேர் வேலை செய்யறாங்கன்னா உங்க புண்ணியம். அடுத்த மாசத்துல இருந்து இரட்டிப்பா அனுப்புங்க."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அவர் வாயாலேயே கேட்டுவிடும் ஆசையில், தன் ஸ்வெட்டரில் அப்படி என்னதான் பிடித்தது என்று விசாரித்தாள்.

"மத்தவங்க துணியா வெட்டித் தைக்கிறாங்கம்மா, பிரிச்சா துண்டு துண்டா வருது" என்றபடி அவர் உள்அறைக் கதவைத் தள்ளித் திறந்தார். பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவள் ஸ்வெட்டர்களை மளமளவென்று பிரித்து உருண்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். "உங்களுது கழுத்துல ஒரு முடிச்சை அவிழ்த்தாப் போதும், கடைசிவரைக்கும் நூல் அறுபடாம வருது. இன்னைக்கு இந்த ஊர்லயே நல்ல கம்பளி நூல் கிடைக்கிற கடை நம்மது ஒண்ணுதான்."