கறுத்தக்கொழும்பானுக்குப் பொன்னாடை

கஜந்தினி ரீச்சரின் வலைப்பூவைப் பார்த்துத்தான் இணுவிலில் இருந்து நெல்லியடி வரைக்கும் ஆசிரியர்மார் பின்னக்கணக்குப் படிப்பிக்கிறார்களாம். கூட்டத்தில் அதிபர் இதை மூன்றாம் தரமும் சொன்னார். பதினெட்டு வருசமாக அதே கணக்கைப் படிப்பிக்கிற எனக்கு வயிறு எரிந்தது.

"கறுத்தக்கொழும்பானுக்குத்தான் நன்றி சொல்லவேணும் சேர்," என்றாள் கஜந்தினி. "அந்த மாம்பழப் புனைபேரிலை ஆரோ ஒராள் ஒவ்வொரு பாடத்துக்குக் கீழையும் பிழை பிடிச்சு எழுதுறார். அதைப் பார்த்துத் திருத்தித்தான் பாடம் நல்லா வந்தது."

"உப்பிடியெல்லோ உதவவேணும்," என்றார் அதிபர். "ஆளைக் கண்டுபிடியுங்கோ. பரிசளிப்பிலை பொன்னாடை போர்த்துவம்."

நான்தான் என்று சொல்லப் பாதி எழும்பிவிட்டேன். அப்போதுதான் காலையில் போட்ட பின்னூட்டம் நினைவுக்கு வந்தது: 'இவளைப் புகழ்கிற அதிபருக்கே பின்னம் தெரியாது.'

"என்ன ரீச்சர்?"

"யன்னலைத் திறக்கப்போறன் சேர். வெக்கையாக் கிடக்கு."