கவச அறை

டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. போன மாதம் அடித்த சூரியப் புயலில் ஆஸ்பத்திரியின் சோலார் கருவிகள் கருகிப்போய், ஆபரேஷன் பாதியிலேயே விளக்கு அணைந்தது. நோயாளி பிழைத்ததே பெரிய விஷயம். இனி அப்படி நடக்கக் கூடாதென்றுதான் புது இன்வெர்ட்டருக்குச் செம்புத் தகடு அடித்த கவச அறை கட்டச் சொன்னார். அதைக் கட்டி முடித்துவிட்டு விளக்க வந்த கான்ட்ராக்டரோ போனை விட்டபாடில்லை.

"சூரியனே வெடிச்சாலும் ஒரு அலைகூட உள்ள நுழையாது மேடம்... ஒரு நிமிஷம். சொல்லு மச்சான்!"

"யோவ், நான் உயிரைப் பத்திப் பேசிட்டிருக்கேன்!"

"சாரி மேடம். ஒரு இண்டு இடுக்கு விடாம அடைச்சிருக்கோம்." மறுபடி மணி அடித்தது. "ஆங், அம்மா, சொல்லு! நல்லா கேக்குது."

அவ்வளவுதான். டாக்டரம்மா அந்தப் போனை வெடுக்கென்று பிடுங்கி, வெளியே வீசி எறியத் திரும்பினார்.

கதவு இறுக மூடியிருந்தது. அந்தக் கவச அறைக்குள்தான் இவ்வளவு நேரமும் இருவரும் நின்றிருந்தார்கள்.

டாக்டரம்மா போனைக் காதில் வைத்தார்.

"உங்க பிள்ளை இன்னிக்கு வீட்டுக்கு வர மாட்டார்மா. ஒரு ரூமை முதல்லேர்ந்து கட்டணும்."