புதுத் தண்ணீர்

குற்றாலத்தில் கிங்ஸ்லி நடத்தும் மீன் ஸ்பாவுக்கு நாறும்பூநாதன் மனைவியோடு வந்தார். தொட்டிக்குள் காலை வைத்தால் குட்டி மீன்கள் செத்த தோலைக் கொறித்துத் தின்னும். அவரோ ஷூவைக் கழற்றுவதாக இல்லை.

"தம்பி, இந்தத் தண்ணியில எத்தன பேரு கால வச்சிருப்பான்? கோடிக்கணக்குல கிருமி கெடக்குமே!"

"ஃபில்டர் ஓடுது அண்ணாச்சி."

"ஃபில்டர் கிருமியப் புடிச்சிருமோ? கால்ல சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள பூந்துரும். ஊரான் உசுரோட விளையாடுதியே, மனசாட்சி இருக்கா ஒனக்கு?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் நழுவினார்கள். கிங்ஸ்லி பதறிப்போய் மீன்களை வாளியில் அள்ளிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டான். நாறும்பூநாதன் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார்.

நனைந்த சட்டையை மாற்ற கிங்ஸ்லி உள்ளே போனதும், அவர் கால்களைத் தொட்டியில் இறக்கினார். கண்மூடி, ஐந்து நிமிடம் சொர்க்கத்தில் இருந்தார். அவன் திரும்பி வருவதற்குள் சாக்ஸையும் ஷூவையும் மாட்டிவிட்டார்.

"சுத்தம்னா இப்படித்தான் இருக்கணும்!" என்று அவன் தோளில் தட்டினார்.

கிங்ஸ்லி பூரித்துப்போய், காத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டான். "வாங்கக்கா, இப்பதான் தண்ணி மாத்துனேன். பாப்பாவத் தைரியமா உக்கார வைங்க."

வாசலைத் தாண்டியதும் மனைவி தங்கபுஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, ஒங்க சேத்துப்புண்ணு மத்தவங்களுக்குத் தொத்தும், வீட்டுல எல்லாரும் பொழங்குத தண்ணியில கால வைக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

நாறும்பூநாதனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஏட்டி, வீட்டுத் தண்ணியிலயா நான் வச்சேன்?"