ஒரு விரல் கனம்

"நிமிர்ந்து உக்காருங்க, மாப்பிள்ளை."

சொன்னவர் அளவுக்காரர். முக்காலியில் உட்கார்ந்திருந்த சிப்பாய் அவருடைய சொந்த மருமகன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கவச வண்டிக்குள் இருக்கிற இருக்கையின் உயரத்துக்கு ஒரு முக்காலி. அதன் பின்னால் ஒரு மரச்சட்டம். சட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு. உட்கார்ந்தவன் தலைமேல் குறுக்குக்கட்டையை இறக்க வேண்டும். கட்டை கோட்டுக்குக் கீழே நின்றால் அவன் வண்டியில் ஏறலாம். மேலே நின்றால் கிடங்கு வேலை.

கோட்டுக்குக் காரணம் உண்டு. அடியில் கண்ணிவெடி வெடித்தால் வண்டியின் தகடு தாங்கிவிடும். உள்ளே இருக்கிறவன் இருக்கையோடு எம்புவான். தலைக்கு மேல் நாலு விரல் இடம் இருந்தால் தலைவலியோடு போகும். இல்லாவிட்டால் கூரை இரும்பு விட்டுக்கொடுக்காது.

இருபத்திரண்டு வருஷமாக அவர் இந்தச் சட்டத்தின் பக்கத்தில் நிற்கிறார். சிப்பாய்கள் வைத்த பெயர் முழக்கோல். போக ஆசைப்படுகிறவன் கூன் போடுவான். பயப்படுகிறவன் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டுவான். இரண்டு பேரையும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிடுவார். கெஞ்சிக்கொண்டு வருகிற அம்மாக்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அளவுக்கு ஏதும்மா அண்ணன் தம்பி?

இன்று காலையில் மகள் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"நீங்க பொய் எழுத வேணாம்ப்பா. சரியா அளந்தா போதும்."

அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

மருமகன் கூனும் போடவில்லை, கழுத்தையும் நீட்டவில்லை. மாமனாருக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தான்.

கட்டை இறங்கியது. கோட்டுக்கு அரை விரல் கீழே.

"ஏறலாம்," என்று பக்கத்து மேசையில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்த பதிவேட்டுக்காரி பேனாவைத் திறந்தாள். "என் தம்பியும் இதே அரை விரல்தான், அண்ணே. போன வருஷம் நீங்கதான் அளந்தீங்க. எட்டு மாசமா புது வண்டியிலதான் கிடக்கான். தூங்குறதும் அதுக்குள்ளதானாம். இனிமே எதுக்குப் பொண்ணு பாக்கணும், அவன்தான் வண்டியவே கட்டிக்கிட்டானேன்னு அம்மா சொல்லுது."

வரிசையில் சிரிப்பு ஓடியது.

அவர் சிரிக்கவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

மருமகனை எழுப்பிவிட்டு, மூலையில் இருந்த அலமாரிக்குப் போனார். பழைய காகிதக் கட்டுகளை விலக்கி, அடியிலிருந்து ஒரு பலகையை உருவினார். ஒரு விரல் கனம். முக்காலியின் அளவுக்கே அறுத்த பலகை. சட்டைக் கையால் ஒரு துடை துடைத்து, முக்காலிமேல் வைத்தார்.

"புது வண்டியில மெத்தை ஒரு விரல் கனம் கூட. இந்த முக்காலிதான் இன்னும் பழைய உயரம். இப்ப உக்காருங்க."

கட்டை இறங்கியது. கோட்டுக்கு அரை விரல் மேலே.

"ஏற முடியாது. கிடங்கு."

வரிசையில் எவனோ ஒருவன் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மாப்பிள்ளைக்கு மணை போட்டாச்சுப்பா."

அவர் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார். பதிலையும் காலையிலேயே தயார் செய்து வைத்திருந்தார்.

"எல்லாருக்கும் இதே மணைதான். காலையிலேர்ந்து அளந்த பதினெட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிடுங்க."

சிரிப்பு நின்றுபோயிற்று. மருமகன் எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இது..."

"அளவு, மாப்பிள்ளை. நான் ஒண்ணும் பண்ணல."

அதுவும் உண்மைதான். மெத்தையும் உண்மை, விரல் கனமும் உண்மை. சந்தேகப்படுகிறவன் வண்டிக்குள் போய் அளந்து பார்க்கட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகள் முகத்தைப் பார்க்கலாம். ஊர் முகத்தையும் பார்க்கலாம்.

பதினெட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார்கள். முதல் ஆள் உட்காரப் போகும்போது, "இருப்பா, கால்சட்டையெல்லாம் தூசியாயிடும்" என்று பதிவேட்டுக்காரி துணியோடு எழுந்து வந்தாள். பலகையை எடுத்து மேல்பக்கம் துடைத்தாள். திருப்பினாள்.

அடிப்பக்கத்தில் பென்சில் எழுத்து இருந்தது. அது யார் எழுத்து என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் அவர் கிறுக்கித் தருவதைத்தான் அவள் படியெடுக்கிறாள்.

'புது மெத்தைக்கு. மேலிடத்து உத்தரவு வந்த பின் போடவும்.'

கீழே தேதி.

அந்தத் தேதிக்கு மூன்று வயதாகியிருந்தது.

அவள் துணியை நாலாக மடித்தாள்.

"உத்தரவு இன்னைக்குத்தான் வந்துச்சா, அண்ணே?"

குறுக்குக்கட்டையைப் பிடித்திருந்த அவர் கை, பிடித்த இடத்திலேயே நின்றது.

அவள் பலகையை முக்காலிமேல் ஓரம் பிசகாமல் பொருத்திவைத்தாள். மேசைக்குப் போய் இன்றைய பதிவேட்டை மூடினாள். போன வருஷத்துப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து, முதல் பெயரிலிருந்து, வரி வரியாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.