காகம் சொன்ன மாற்றம்

மைதானத்து விளக்குக் கம்பத்துக் காகத்துக்கு மூன்று வருஷமாக ஒரே பேச்சு. "பந்து எறியிற குரங்கை முதல்ல தூக்கணும்."

"குரங்கு ஒழுங்காத்தான் எறியுது. பிடிக்கிற அணிலுங்கதான் கோட்டை விடுதுங்க" என்று பக்கத்தில் மைனா மல்லுக்கு நிற்கும்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் பயிற்சியாளர் ஆமை அணிப் பட்டியலை ஒட்டியது. எறிவதற்கு முயல். குரங்கின் பெயரே இல்லை.

காகத்தின் அலகிலிருந்த முறுக்கு கீழே விழுந்தது. பறந்து வந்து ஆமையின் எதிரில் நின்றது.

"குரங்கு இல்லாம எப்படிண்ணே ஜெயிக்கிறது? யாரு சொன்ன யோசனை இது?"

"நீதான். ஒரு ஆட்டம் விடாம பாக்குறவன், உனக்குத் தெரியாததா?"



"அண்ணே, நான் சும்மா திட்டுறவன். என் பேச்சைப் போய்க் கேட்டீங்களா?"