சாட்சி சொல்லப் போன ஆடு

இயேசு என்றைக்குப் பிறந்தார் என்று முடிவுசெய்யப் பெரியவர்கள் கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டதும் ஆடு கிளம்பிவிட்டது.

"உன்னைக் கூப்பிட்டாங்களா?" என்றது கழுதை.

"கூப்பிடணுமா? பிறந்தப்போ பக்கத்துல இருந்தது எங்க வம்சம். அப்போ எங்க கூட்டம் வெட்டவெளியில கிடந்துச்சு. குளிர்காலமே இல்லை."

கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "டிசம்பர் இருபத்தஞ்சுல சூரியனுக்கு ஊரே விழா எடுக்குது. பந்தல் தயார், ஜனமும் தயார். அந்த நாளையே வச்சுக்குவோம்."

"ஐயா, அந்தக் குளிர்ல நாங்க பட்டியை விட்டே வெளிய வரமாட்டோமே!" என்றது ஆடு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் எழுந்துவந்து ஆட்டைத் தடவிக்கொடுத்தார். "நேர்ல பார்த்த வம்சமா! நீ இல்லாம விழாவா? கட்டாயம் வரணும்."

ஆடு துள்ளிக்கொண்டு திரும்பியது. "முதுகை எவ்வளவு பிரியமாத் தடவினார் தெரியுமா!"

"விலாவையும் அழுத்திப் பார்த்தாரா?" என்றது கழுதை.

"ஆமா, உனக்கெப்படித் தெரியும்?"

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி பந்தி தடபுடலாக நடந்தது. தலைவர் எலும்பை உறிஞ்சியபடி பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார்:

"கறி பஞ்சு மாதிரி இருக்கு. இது அன்னைக்கு என்னமோ சொல்ல வந்துச்சே, என்னய்யா அது?"